காத்திருப்போருக்குத் தகவல்

ஜூன் 3

டேய் வாலு,

மெயில் போட்டால் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்கு வலது கண் போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். முழு இருட்டு இல்லை. ஓரத்தில் தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தால் என் காதுகள் தெரிகின்றனவாம், முகம் இல்லையாம். "கொஞ்ச நேரம் உன் முகத்தைப் பாக்காம இருக்கறதும் நிம்மதியாத்தான்டி இருக்கு" என்று சிரித்தாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது என்றுதான் முதலில் சொன்னாள். பெரிய தெருவில் இருக்கும் கண் மருத்துவமனையில் விழித்திரை டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். எல்லா நேரமும் நிரம்பியிருந்தது. ரொம்பத் தள்ளி ஒரு தேதி கொடுத்து, காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் போட்டுக்கொண்டார்கள், யாராவது வராமல் போனால் தகவல் வரும் என்று. நான் கூட வருகிறேன் என்றேன். "ஏன், எனக்கு வழி தெரியாதா?" என்று தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். தகவல் எதுவும் வரவில்லை. எங்கள் தேதியில்தான் போனோம். பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உள்ள ரத்தக்குழாய் கசிஞ்சு தழும்பாயிடுச்சு. ஒரு மாசம் முன்னால வந்திருந்தா ஊசியில நிறுத்தியிருக்கலாம். நடுவுல ரெண்டு பேர் வராமப் போனாங்களே, உங்களைக் கூப்பிடலையா?"

கூப்பிடவில்லை.

அம்மா இனிமேல் பள்ளிக்கூட வேன் ஓட்டக்கூடாது. சாவியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. புது டிரைவர் ரொம்ப வேகமாகத் திருப்புகிறான் என்று காலையில் பால்கனியில் நின்று சத்தத்தை வைத்தே குறை சொல்கிறாள்.

இன்னொன்றையும் நானே எழுதிவிடுகிறேன், எப்படியும் நீ கண்டுபிடிப்பாய். அந்த மருத்துவமனையின் வெப்சைட்டில் நேரம் பதிவு செய்ய இருப்பது நம் கம்பெனியின் காலண்டர்தான், நீ எழுதி நான் விற்றது.

அக்கா


ஜூன் 11

மேனேஜர் அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன், திரும்பவும் படித்தேன்.

முதலில் ஒன்று. எந்த மெயிலைச் சொல்கிறாய்? நான் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. போன் எடுக்கவில்லை என்பது நிஜம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதாத மெயிலை எழுதியதாகச் சொல்லாதே. அம்மா கண்ணைப் பற்றிச் சொல்லும் கடிதத்தில் போய் அந்தப் பொய் எதற்கு?

இப்போது காலண்டருக்கு வருகிறேன். டயர் கடைக்கு மேலே நம் அறையில், அந்த ஆடுகிற மேசையில் உட்கார்ந்து நான் உன்னிடம் கெஞ்சியது நினைவிருக்கிறதா? மாதத்தைக் காட்டுவது, நேரம் எடுத்துக்கொள்வது, ரத்து செய்வது எல்லாம் ஃப்ரீ என்றால், ஒருவர் ரத்து செய்ததும் அடுத்தவருக்குத் தகவல் போவதும் ஃப்ரீயாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். நிறம் மாற்றணுமா, காசு கேள். பத்து டாக்டருக்குப் பத்துக் காலண்டர் வேணுமா, தாராளமாகக் கேள். அது வசதி. காத்துக்கொண்டிருக்கிறவனிடம் "உன் முறை வந்துவிட்டது" என்று சொல்வது வசதி இல்லை அக்கா. அது இல்லாவிட்டால் பட்டியலே எதற்கு?

நீ என்ன செய்தாய்? நான் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, "காத்திருப்போருக்குத் தகவல்" என்ற அந்த ஒரு பொத்தானைக் காசு கட்டுகிறவர்கள் பக்கம் தூக்கி வைத்தாய். ஃப்ரீ பதிப்பில் பெயரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும், யாருக்கும் ஒன்றும் சொல்லாது. காலியான இடம் காலியாகவே கிடக்கும். நான் திரும்பி வந்து கத்தியபோது, "ஃப்ரீயா வாங்கறவன் வாயை மூடிட்டு இருக்கணும்" என்றாய்.

அம்மாவும் ஃப்ரீயில்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. இப்போது திருப்தியா?

அம்மாவை நான் விசாரித்தேன் என்று சொல். இல்லை, சொல்லாதே. என்னவென்று சொல்வாய்?

தம்பி


ஜூன் 20

வாலு,

"திருப்தியா" என்று கேட்டாயே, அந்த வார்த்தையை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை.

மெயில் போட்டேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகவேண்டும்? நீ போன மறுநாளே போட்டேன். அப்புறம் அம்மா பிறந்தநாளுக்கு, உனக்கு வேலை கிடைத்தது என்று யாரோ சொன்னபோது, கம்பி வளைகிறது என்று அம்மா சொன்ன அன்றைக்கு, எல்லாவற்றுக்கும் போட்டேன். வேறு எந்த முகவரியும் எனக்குக் கிடையாது, கம்பெனி முகவரியிலிருந்துதான் போட்டேன். நீ படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் கொதித்துப் போனேன். இப்போது வரவே இல்லை என்கிறாய். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஃப்ரீ, ஃப்ரீ என்று எழுதியிருக்கிறாயே. நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோட் எழுதினாய். எதிரில் உட்கார்ந்து திட்டு வாங்கியது யார்? அந்த முடிதிருத்துகிறவர் ஞாபகம் இருக்கிறதா? காலண்டர் பச்சையாக இருக்கிறது, நீலமாக்கித் தா என்றார். நிறம் மாற்றுவது காசு என்றேன். ஒரு வாரம் கழித்துக் கடைச் சுவர், பலகை, துண்டு எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டு போட்டோ அனுப்பினார், "இப்ப பொருந்துதா மேடம்?" என்று. நீகூட விழுந்து விழுந்து சிரித்தாயே. நீச்சல் சொல்லித் தருகிற அம்மா, ஒரே வகுப்பு வாராவாரம் தானாக வரவில்லை என்று என்னை எப்படித் திட்டினார் தெரியுமா? தானாகத் திரும்ப வருவது காசு, நீயே ஒவ்வொரு வாரமும் கையால் போட்டுக்கொள்வது ஃப்ரீ என்று நான் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. ஃப்ரீயில் இருக்கிறவர்கள் ஆயிரம் பேர், அத்தனை பேரும் சண்டைக்கு வந்தது என்னிடம்தான்.

காட்டுவதற்குச் செலவு இல்லையடா. அனுப்புவதற்குச் செலவு உண்டு. ஒவ்வொரு தகவலும் நம் வழியாகத்தானே போகிறது? அதுவும் உன் யோசனைதான். அவரவர் கடை முகவரியிலிருந்து போனால் ஸ்பாமில் விழும், எல்லாம் நம் ஒரே முகவரியிலிருந்தே போகட்டும் என்றாய். நல்ல யோசனை. ஆனால் அதற்கு மாதாமாதம் கட்ட வேண்டியது நான். நீ எழுதிய அத்தனையையும் ஃப்ரீயாகக் கொடுத்திருந்தால் டயர் கடைக்காரர் நம்மையும் மேசையையும் சேர்த்துத் தெருவில் வைத்திருப்பார்.

நீ ஊருக்குப் போன நேரம் பார்த்து மாற்றியது தப்பு. உன்னைக் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். கேட்டால் நடக்காது என்றுதான் கேட்கவில்லை. ஆனால் அதற்காக அம்மா எதிரில் என்னைக் கடைக்காரி என்றாய். குறுக்கே பேச வந்த அம்மாவிடம், "நீ எப்பவும் அவ பக்கம்தான், எனக்கு அம்மாவே இல்லைன்னு நினைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு பையை எடுத்தாய். நான் கடைக்காரிதான், பரவாயில்லை. அம்மா அன்றைக்கும் இரண்டு ட்ரிப் வேன் ஓட்டினாள். "அவனா கூப்பிடட்டும்" என்பதைத் தவிர உன்னைப் பற்றி அதற்கப்புறம் எதுவும் சொன்னதில்லை. அவள் பிடிவாதம் உனக்கும் தெரியும். அதில் பாதி உனக்கு வந்திருக்கிறது.

இத்தனையும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ சொல்வதுபோல அந்த மருத்துவமனை ஃப்ரீ பதிப்பைத்தான் வைத்திருக்கிறதென்றால், அப்புறம் எனக்குப் பேச வாய் இல்லை. நாளைக்கு நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

அக்கா


ஜூன் 28

அக்கா,

கேட்டாயா?

அந்த மருத்துவமனைப் பக்கத்தை நானும் போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து ஃப்ரீயா காசு கட்டியதா என்று சொல்ல முடியவில்லை. ஃப்ரீ என்று முத்திரை குத்தினால் சின்னக் கடைக்காரர்களுக்கு அவமானமாக இருக்கும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அன்றைக்கு நீதான் சொன்னாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், அதை நான் மறக்கவில்லை.

கடைக்காரி என்றதை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. அம்மாவிடம் சொன்னதை எழுதிக்கூடக் காட்ட வேண்டுமா நீ? என் மனைவி அந்த இடத்தைப் படித்துவிட்டு, "நிஜமாவே இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். அவளிடம் இதுவரை அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன் எடுத்து அம்மா நம்பர் வரைக்கும் போகிறேன். அப்புறம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இப்போது கண்ணும் போன பிறகு கூப்பிட்டால், கண் போனதால்தான் கூப்பிடுகிறான் என்று நினைக்க மாட்டாளா?

என்ன சொன்னார்கள், எழுது.

தம்பி


ஜூலை 5

வாலு,

போய்க் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. தப்பு என்மேல்தான்.

அந்தப் பொத்தானை நேற்றே ஃப்ரீ பக்கம் மாற்றிவிட்டேன். இனிமேல் யார் காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும் தகவல் போகும். செலவை எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

இதைப் பற்றி இனிமேல் நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். நீ அம்மாவிடம் பேசு, போதும்.

அக்கா


ஜூலை 13

அக்கா,

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ இப்படி நாலு வரியில் தோற்றுப்போகிறவள் இல்லையே. சின்ன வயதில் கேரம் ஆட்டத்தில் காய் குழியில் விழுந்த பிறகும் விழவில்லை என்று வாதாடுவாய். சண்டை போடுவாய் என்று நினைத்து நானும் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதெல்லாம் இப்போது எதற்கு?

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்க மாட்டேன். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. உன்னைத் தப்பென்று ஒத்துக்கொள்ள வைத்ததால் அம்மாவுக்கு முகம் தெரிந்துவிடப் போகிறதா?

செலவைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்குச் சம்பளம் வருகிறது, பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். தகவல் அனுப்பும் பகுதியைச் சிக்கனமாக எழுதவும் எனக்கு வழி தெரியும். உனக்குச் சம்மதம் என்றால் சனி ஞாயிறில் செய்து தருகிறேன். சம்பளத்துக்கு இல்லை, சும்மா.

நீ மாற்றியது சரியாக ஓடுகிறதா என்று இன்றைக்குச் சோதித்துப் பார்க்கப் போகிறேன். அதே மருத்துவமனையில் கண்ணாடி அளவு பார்க்கும் பகுதிக்கு என் பெயரைப் பட்டியலில் போடுகிறேன், இடம் கிடைத்தால் உடனே விட்டுக்கொடுத்துவிடுவேன், யாருக்கும் நஷ்டமில்லை. "ஒருத்தர் பேரை வச்சு என்ன தெரியும், என் பேரையும் போடுங்க" என்கிறாள் என் மனைவி. உன்னைவிடப் பெரிய மேனேஜர்.

தம்பி


ஜூலை 19

அக்கா,

உனக்குத் தெரியும். அந்த நாலு வரிக் கடிதம் எழுதும்போதே உனக்குத் தெரியும்.

என் மனைவிக்குத் தகவல் வந்தது. "உங்களுக்கு முன் இருந்தவர் ரத்து செய்துள்ளார், இந்த நேரம் உங்களுக்கு வேண்டுமா?" நான் எழுதிய அதே வார்த்தைகள். பட்டியலில் நான் அவளுக்கு முன்னால் இருந்தேன். எனக்கு முதலில் வந்து, நான் பதில் சொல்லாததால்தான் அவளுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு எதுவும் வரவில்லை. உடனே உன் வேலையில் ஏதோ கோளாறு என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மெயிலில் அந்த முகவரியைப் போட்டுத் தேடினேன்.

குப்பைத் தொட்டியில் இருந்தது. பக்கத்திலேயே உன் மெயிலும் ஒன்று. "டேய், கடைசியா கேக்கறேன், இதுக்கும் பதில் இல்லன்னா பேப்பர்ல எழுதிடுவேன்" என்று. அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனதால் தானாகவே அழிந்துபோயிருக்கின்றன.

வீட்டை விட்டு வந்த அன்று பஸ்ஸில் உட்கார்ந்து என் மெயிலில் நானே போட்ட கட்டளை அது. கம்பெனி முகவரியிலிருந்து எது வந்தாலும் என் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகட்டும் என்று. அந்தப் பெயரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. போட்டுவிட்டு மறந்தே போனேன். கடை, மருத்துவமனை என்று அத்தனை பேரின் தகவலும் அதே முகவரியிலிருந்துதான் போகிறது, அப்படிச் செய்தவனே நான்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்காது அக்கா. அந்த முகவரியை வெறுக்கக் காரணம் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "நாங்க ஆரம்பத்துல இருந்தே காசு கட்டித்தான் சார் வச்சிருக்கோம். உங்க அம்மாவுக்கு ரெண்டு தடவை தகவல் போயிருக்கு. அவங்க கொடுத்த முகவரிக்குத்தான் போச்சு. யாரும் பதில் சொல்லலன்னதும் அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. போன மாசம் உங்க அக்கா வந்து கேட்டப்பவே சொன்னேனே?" எந்த முகவரி என்று கேட்டேன். வாசித்தாள். என்னுடையது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் உன்னைத் திருப்தியா என்று கேட்டவன். நீ திருப்பி ஒரே ஒரு வரியில் கேட்டிருக்கலாமே.

அம்மாவுக்குத் தெரியுமா? அதைவிட, ஏன் என் முகவரியைக் கொடுத்தாள்? நீ அதே வீட்டில் இருக்கிறாய், பக்கத்து அறையில் இருக்கிறாய். நான் ஒரு வருஷமாக அவள் கண்ணிலேயே படவில்லை. உன்னுடையதைக் கொடுத்திருந்தால் அம்மா இன்றைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருப்பாள். மறதியா, பழக்கமா, என்ன? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தம்பி


ஜூலை 27

என் வாலுக்கு,

தெரியும். அந்தப் பெண் முகவரியை வாசித்தபோது அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டினேன், சத்தமாகவே. ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். மெயில் வரவில்லை என்று நீ எழுதியது அப்போதுதான் உறைத்தது. நீ என்ன செய்திருப்பாய் என்று கதவைத் திறப்பதற்குள் புரிந்துவிட்டது.

உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ இதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். நீ முகம் காட்டவே மாட்டாய், அம்மாவிடம் ஜென்மத்துக்கும் வர மாட்டாய். ஒரு கண் போனது போதும், பிள்ளையும் போக வேண்டாம் என்று நினைத்தேன். உன் திட்டு எனக்குப் பழக்கமானது. அத்தோடு நான் அந்தப் பொத்தானை எடுத்து வைத்தவள்தானே, அம்மா விஷயத்தில் இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது அப்படி ஆகியிருக்கும். அதனால் முழுப் பொய்யும் சொல்லவில்லை. நீ சோதித்துப் பார்ப்பாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கிறவன் ஆயிற்றே.

அம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தகவலே போகவில்லை, கம்ப்யூட்டர் கோளாறு என்று நான் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

முகவரியைப் பற்றி நீ கேட்டது எனக்கும் அரித்துக்கொண்டே இருந்தது, ஆனால் கேட்கப் பயம். உன் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதையும் காட்டிக்கொள்ளாமல், "ஆஸ்பத்திரியில பேர் கொடுத்தப்ப ஏன்மா என் மெயில் கொடுக்காம தம்பியோடது கொடுத்த, மறந்துட்டியா?" என்றேன்.

"மறக்கறதுக்கு என்ன இருக்கு? உன்னோடதும் தெரியும், அவனோடதும் தெரியும்" என்றாள். ஒரு சட்டையைத் திரும்பவும் உதறி மடித்தாள். அப்புறம் சொன்னாள், "நானா கூப்பிட்டா எடுக்க மாட்டான். அம்மாவுக்குக் கண்ணு பாக்கணும்னு ஆஸ்பத்திரியில இருந்து அவனுக்கு ஒரு சேதி போனா, என்னம்மா ஆச்சுன்னு பதறிக்கிட்டு ஒரு போன் பண்ணுவான்ல? அதுக்குத்தான் கொடுத்தேன்."

நான் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவளே கேட்டாள், "அவனுக்கு சேதி போகலைன்னுதானே சொன்ன? போயிருந்தா பண்ணியிருப்பான், இல்ல?"

ஆமாம்மா, கண்டிப்பா பண்ணியிருப்பான் என்றேன்.

இடது கண்ணைப் பார்க்க அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் போகிறோம். நீ வா. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வந்து நீயே முடிவு செய். நான் சொல்ல மாட்டேன்.

அக்கா